பீங்கான் ஜாடியில் வைத்த பொங்கல்

எங்கள் வார்டு கவுன்சிலர் பொய் சொல்கிறார். எங்கள் தெருவுக்கு வடிகால் வராததற்கு நான்தான் காரணம் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் உடைத்தது ஒரு ஜாடி. அதையும் நான் மட்டும் உடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அப்போது விருத்தாசலத்தில் காலேஜ் கடைசி வருஷம். ஊர்ப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் என்னிடம் கருத்து இருந்த வயது. (பஸ் ஸ்டாண்டு நாற்றத்துக்கென்றே தனியாக ஒன்று வைத்திருந்தேன்.) எங்கள் தெருவில் பாதிப் பேர் பீங்கான் சூளையில் வேலை செய்கிறவர்கள். மழை பெய்தால் தண்ணீர் போக வழி கிடையாது. பள்ளத்தை மூட ஒருத்தரும் மண் கொட்டாததால், சூளையில் உடைந்து போன ஜாடி, சாமி பொம்மை எல்லாவற்றையும் நாங்களே கொட்டி மூடுவோம். நடந்தால் ஜாடி மூடி காலைக் கிழிக்கும். சைக்கிளில் போனால் தலையில்லாத புத்தர் டயரைக் கிழிப்பார். ஐப்பசி மழையில் பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்த வருஷம் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா கட்டில் மேல் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தாள்.

காலேஜ் பொங்கல் விழாவுக்குக் கவுன்சிலர்தான் சிறப்பு விருந்தினர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பானை பொங்குகிற நேரம் பார்த்து, எல்லோரும் கேட்க, வடிகால் எப்போது என்று மைக்கில் கேட்டுவிட வேண்டும். நல்ல நேரத்தில் கொடுத்த வாக்கை மனிதர் மீற மாட்டார் என்று நம்பினேன். (அவ்வளவு வெகுளி.) மண்பானைக்குப் பதிலாக நம் ஊர்ப் பீங்கானில் பொங்கல் வைத்தால் இன்னும் உருகிப் போவார் என்பதும் என் யோசனைதான்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் சூளைக்காரர்.

"பீங்கான அடுப்புல வைக்கலாமாப்பா?"

"ஆயிரம் டிகிரிக்கு மேல வெந்து வந்த சாமான்டி அது. ஒங்க காலேஜ் வெறகு அத என்னா பண்ணிடும்?"

எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். சூளையில் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆற விடுவது அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். மகள் மைக் பிடிக்கப் போகிற பூரிப்பில் மறந்துவிட்டார். வெள்ளையில் நீலப்பூ போட்ட பெரிய ஊறுகாய் ஜாடியைத் தோளிலேயே சுமந்துகொண்டு வந்து கொடுத்தார்.

ஜாடிக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி அடுப்பில் ஏற்றினோம். கவுன்சிலரைக் காணோம். அடுப்புக்குப் பொறுப்பு என் தோழி பிரேமா.

"ஏ, இது பொங்கிடும் போலருக்குது. ஆளக் காணுமே?"

"வெறக இழு. அவரு வராம பொங்கக் கூடாது."

"அத ஏங்கிட்ட சொல்ற? ஜாடிகிட்ட சொல்லு."

விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கார் சத்தம் கேட்டதும், இருந்த விறகு மொத்தத்தையும் உள்ளே தள்ளி, காய்ந்த கரும்புத் தோகையையும் திணித்துவிட்டு, அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"எங்க தெருவுல தண்ணி வூட்டுக்குள்ள வருதுங்க. வடிகால் எப்பங்க போடுவீங்க?"

பையன்கள் விசிலடித்தார்கள். கவுன்சிலர் எழுந்து வந்து அடுப்புப் பக்கத்தில் நின்று மைக்கை வாங்கினார்.

"தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. இந்த நல்ல நேரத்துல சொல்றேன். அந்த வடிகால் வேலைய வர்ற..."

அந்த நேரம் பார்த்து பிரேமா ஒரு கேன் பச்சைப் பாலை, அதுவும் ஜில்லென்று, ஜாடியில் ஊற்றினாள்.

டப்பென்று ஒரு சத்தம். ஜாடியின் அடிப்பாகம் கழன்று விழ, பொங்கல் மொத்தமும் நெருப்பில் இறங்கியது. சாம்பலும் புகையும் சோறுமாகக் கிளம்பி கவுன்சிலரின் வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்தன. பின்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. பொங்கிவிட்டது என்று நினைத்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். மேளக்காரர் வேறு அடி பின்னிவிட்டார்.

"வேட்டி மாத்திக்கினு வரேன்" என்று போனவர்தான். வரவில்லை. மறுநாளே டீக்கடையில் சொல்லியிருக்கிறார்: "அந்தத் தெருவுக்கு வடிகால் போடலாம்னு வாயத் தொறந்தேன், பானையே ஒடஞ்சிருச்சு. சகுனம் சரியில்லப்பா." அன்றிலிருந்து இதே பல்லவிதான்.

எனக்குக் கல்யாணமானபோது தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்த அம்மா, என் மாமியாரிடம் பானையைத் தட்டிக் காட்டினாள். "பித்தளைதாங்க சம்பந்தி. இவள நம்பி வேற எதுவும் குடுக்க முடியாது." இன்றைக்கும் நான் டீ கப்போடு அடுப்பங்கரைக்குள் நுழைந்தால், என் வீட்டுக்காரர், "யம்மா, கப்பு பீங்கான்மா" என்று எழுந்து தள்ளி நிற்கிறார். சிரிக்கட்டும். நான் வாக்கப்பட்டதும் அதே தெருவில்தான். இந்த வருஷமும் தண்ணீர் உள்ளே வந்தது. இப்போது கட்டில் மேல் ஸ்டவ் வைப்பது நான்.

கவுன்சிலர் அண்ணே, பொங்கல் கழிந்து வருகிற ஆற்றுத் திருவிழா அன்றைக்கு மணிமுக்தாற்றங்கரையில் பந்தல் போட்டு, மைக் பிடித்து, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வீர்கள். நானும் வருவேன். "வர்ற" என்று ஆரம்பித்தீர்களே, வர்ற என்ன? வர்ற மாசமா, வர்ற மழைக்கு முன்னாலா, வர்ற எலக்சனா? சிறுவள்ளிக் கிழங்கு வாங்க வந்த சனம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, அந்த வாக்கியத்தை மைக்கில் முடித்துவிட்டு இறங்குங்கள்.