பொன்மலை பாட்டிலும் ஸ்ரீரங்கத்து ரசமும்

பொய் சொல்லி நான் மாட்டிக்கொண்டது குறைவு. யாரும் கேட்காத உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டதுதான் அதிகம். ஒரு கேள்விக்கு ஒரு பதில் போதும் என்று தெரிந்தவர்கள் உத்தியோகத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறார்கள். நான் இரண்டாவது பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியவன்.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. (நான் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது.) அப்புறம் விழுப்புரம் ஜங்ஷனில் தண்ணீர் சுமந்தேன், சேலத்தில் லாரி கழுவினேன், மதுரையில் எச்சில் தட்டு கழுவினேன். படுக்கை பிளாட்பாரத்தில். மழை வந்தால் நிற்கிற கூட்ஸ் வண்டிக்கு அடியில். அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வண்டி எப்போது கிளம்பும் என்று தெரிந்திருந்தால் போதும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் வீட்டுச் சமையலறையில் ஒட்டிக்கொண்டேன். டிரைவரின் மனைவி டோரத்தி மேம்தான் எனக்கு அடுப்பு வேலையைச் சொல்லிக் கொடுத்தது. மேமின் அலமாரியில் ஒரு கருப்புக் கண்ணாடி பாட்டில் இருக்கும். உள்ளே வண்டி மசி மாதிரி ஒரு விழுது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு லேகியம் என்று நினைத்து, யாருமில்லாத நேரத்தில் ஒரு விரல் வழித்து வாயில் போட்டேன். உப்பில் நாக்கு சுருண்டுவிட்டது. இரண்டாவது விரல் வைத்தபோது ஏதோ ஆட்டுக்கால் சூப்பைச் சுண்டக் காய்ச்சிய மாதிரி இருந்தது. மூன்றாவது விரலில் மேம் வந்துவிட்டது.

அது திட்டவில்லை, சிரித்தது. ஈஸ்ட் சாறு என்று பெயர் சொன்னது. பீர் காய்ச்சினால் அடியில் ஈஸ்ட் மண்டி தங்குமாம். அதை உப்புப் போட்டு வேகவைத்து வடித்துச் சுண்டினால் இந்த விழுது. கறியும் கிடையாது, எலும்பும் கிடையாது, ஆனால் ருசி மட்டும் கறி. மாசக் கடைசியில் கறி வாங்க முடியாத நாட்களில் மேம் காய்கறி சூப்பில் அதை ஒரு ஸ்பூன் கலக்கும். டிரைவர் எலும்பைத் தேடிக் கரண்டியால் துழாவுவார்.

இரண்டு வருஷத்தில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. போகும்போது மேம் எனக்குக் கொடுத்தது மூன்று: கண்ணீர், டிரைவரின் பழைய ஷூ, முக்கால் பாட்டில் ஈஸ்ட் சாறு. ஷூ இரண்டு சைஸ் பெரிது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் மாணிக்கம் பிள்ளை என்பவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சுத்த சைவம். முட்டை என்ற வார்த்தையைக் கூட அந்த வாசலுக்குள் யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய சமையல்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்கு மூன்று நாள் சோதனை வைத்தார். தேறினால் நிரந்தர வேலை, மூன்று வேளைச் சாப்பாடு, பின்கட்டில் ஓர் அறை. அந்த அறையைக் காட்டினார். கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதுவரை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கியதில்லை. அந்தத் தாழ்ப்பாளுக்காக நான் மலையைப் புரட்டவும் தயாராக இருந்தேன்.

புரட்ட வேண்டியிருந்தது ரசத்தை. கடையின் நிரந்தர வாடிக்கையாளர் சபாபதி வாத்தியார். ரிட்டையர் ஆனவர், மனைவி இல்லை, இரண்டு வேளையும் இங்கேதான் சாப்பாடு. பந்தியில் முதல் இலை அவருக்கு. அவர் தலையாட்டினால் மற்ற எல்லா இலையும் தலையாட்டும். முதல் நாள் என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, காவேரியில் இன்னும் தண்ணீர் மீதி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாம் நாள் கேட்கவே இல்லை, மோருக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வாத்தியார் ரெண்டாந்தரம் ரசம் கேக்கணும். கேக்கலேன்னா நீ வேற எடம் பாத்துக்கப்பா."

மூன்றாம் நாள் காலையில் என் மூட்டைக்குள் கையை விட்டேன். கறி இல்லாத சாமான், ஆகவே சைவம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. குண்டான் ரசத்தில் இரண்டு ஸ்பூன் கரைத்தேன். கஞ்சத்தனமாகத் தோன்றியது. நாலாக்கினேன். தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. ஆறாக்கினேன்.

பந்தி உட்கார்ந்தது. வாத்தியார் ரசத்தை வாங்கினார். கையில் ஏந்திக் குடித்தார். கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். ஊற்றினேன். மறுபடி நீட்டினார். அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று கடைசி இலைவரை அதே கதை. கடைசி இலையில் உட்கார்ந்திருந்தவர் ஏட்டையா. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. சாராயம் பிடிக்கிற டியூட்டியில் இருந்தவர். யூனிஃபார்மோடு சாப்பிடுவார். அவரும் மூன்று முறை வாங்கினார். ரசத்துக்கு மேல் ரசம் வாங்கிய பந்தியை அன்றுதான் பார்த்தேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். மனசுக்குள் நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.

நாலாவது முறை நீட்டிய கையை வாத்தியார் பாதியில் நிறுத்தினார். கண் திறந்தது.

"மாணிக்கம், இது எலும்பு ரசம்."

பந்தி முழுக்கக் கை நின்றது. பிள்ளைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கடையின் பெயர் போனால் அவர் தெருவுக்கு வந்துவிடுவார். பயத்தில் நாக்குழறி, மனசில் ஒரு குசும்பும் இல்லாமல்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எலும்பு ருசின்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

வாத்தியார் இலையைப் பார்த்தார். தெருவில் போகும்போது வாசனை வரும் என்று முனகினார். அவரைக் காப்பாற்றலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்து இலை ஜவுளிக்கடை கணக்கப்பிள்ளை குறுக்கே வந்தார். இது ஆட்டுக்கால் மாதிரி இல்லை, நெஞ்செலும்பு மாதிரி இருக்கிறது என்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல், நெஞ்செலும்பில் இவ்வளவு சாறு இறங்காது என்று திருத்தியது. (அவர் நெற்றியில் பட்டையாக விபூதி. திருத்தி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.) அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்த எலும்பு வெளியே வருமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

நான் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் மோரோடு முடிந்திருக்கும். அந்தப் பந்தியில் இதைத் தோண்ட விரும்பிய ஆள் ஒருத்தர் கூட இல்லை. ரொட்டி உப்புவதற்குப் போடும் ஈஸ்ட் என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன். ஆனால் உண்மை என் தொண்டையில் நின்று குதித்தது. உள்ளே ஓடிப் பாட்டிலை எடுத்து வந்து, பந்தி நடுவில் தூக்கிப் பிடித்தேன்.

"சத்தியமா கறி இல்லீங்க. பீர் காய்ச்சினா அடியில தங்குமே, அந்த மண்டிங்க இது."

கடைசி இலையிலிருந்து ஏட்டையா மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

பாட்டிலை வாங்கி முகர்ந்தார். விரலால் தொட்டு நக்கினார். ரொம்ப நேரம் யோசித்தார். அவர் கஷ்டம் எனக்குப் புரிந்தது. இது சாராயம் என்றால் பந்தி முழுக்கக் கைது. கைது செய்ய வேண்டியவரும் மூன்று முறை வாங்கியிருக்கிறார், அதுவும் யூனிஃபார்மில். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"போதை ஏறுதான்னு பாப்போம். அரை மணி நேரம் ஒருத்தரும் எந்திரிக்கப்படாது."

அரை மணி நேரம் இருபது பேர் எச்சில் கையோடு, காய்ந்த இலைக்கு முன்னால், தனக்குத் தலை சுற்றுகிறதா என்று உள்ளே கவனித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் காத்திருந்த அடுத்த பந்தி, ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. முடிவில் ஏட்டையா வாத்தியாரைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். வாத்தியார் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு, கேட்காமலே பதினேழாம் வாய்ப்பாட்டையும் சொன்னார். கணக்கப்பிள்ளையை இலைகளுக்கு நடுவில் நேராக நடக்கவிட்டார்கள். பிறகு ஏட்டையா தாமும் ஒருமுறை நடந்து பார்த்துக்கொண்டார்.

சாராயம் இல்லை என்று அவர் அறிவித்தார். கறியும் இல்லை என்று வாத்தியார் உடனே சேர்த்துக்கொண்டார். பந்தி ஒரே குரலில் ஆமாம் என்றது. பின்னே அது என்னதான் என்று யாரும் கேட்கவில்லை. கை கழுவப் போனார்கள்.

பிள்ளை என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பாட்டிலைக் காவேரியில் எறிந்துவிட்டு வா என்றார். நான் கிளம்புவதற்குள் கையைப் பிடித்தார். காவேரியை ஊரே குடிக்கிறது, வேண்டாம், கொள்ளிடத்தில் எறி என்றார். கொள்ளிடத்திலிருந்துதான் பெருமாள் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் போகிறது என்று அவருக்கே ஞாபகம் வந்தது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊரில் இதைப் போட ஓர் இடம் இல்லை.

"வந்த எடத்துக்கே கொண்டு போயிடு. பொன்மலையில போட்டுட்டு அப்படியே நீயும் போயிடு."

மூட்டையைக் கட்டினேன். வருத்தம் இருந்தது, ஆனால் மூட்டை கட்டுவது எனக்குப் பழகிய வேலை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால் அங்கே சபாபதி வாத்தியார் குடையோடு நின்றிருந்தார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, என்னையும் கையமர்த்தினார். அடுத்த பஸ்ஸும் வந்தது.

"தம்பி, அந்த பாட்டில்ல இன்னும் எவ்வளவு இருக்கு?"

பாதி இருக்கிறது என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வாலிபத்துல எனக்கு டைபாய்டு வந்துச்சு. ஒடம்பு தேறணும்னு டாக்டர் எலும்பு சூப் கொடுக்கச் சொன்னாரு. நாலு மாசம் குடிச்சேன்."

"டைபாய்டு நாலு மாசமாங்க இருந்துச்சு?"

வாத்தியார் காவேரிப் பாலத்துப் பக்கம் பார்த்தார்.

"டைபாய்டு மூணு வாரந்தான்."

பாட்டிலைக் கொடுத்தேன். குடைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டார். போனவர் பத்தடியில் திரும்பி, என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். நேரே கடைக்கு அழைத்துப் போய், பிள்ளையிடம் பையனின் சாம்பாரில் ஒரு குறையும் இல்லை, இவனை அனுப்பினால் நானும் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிள்ளை என்னை ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்: ரசம் மட்டும் அவரே வைப்பார். ஆறு வருஷம் அங்கே இருந்தேன். அதுவரை என் ஆயுசில் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் இருந்ததில்லை. முதல் ராத்திரி தாழ்ப்பாளை மூன்று தடவை திறந்து திறந்து போட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஆசையை மறைத்துக்கொண்டு சாக்குச் சொன்னால், "டைபாய்டா?" என்று ஒரே வார்த்தைதான். மகன் பரீட்சைக்குப் படிக்க நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்றால் டைபாய்டு. நான் கோயிலுக்கு என்று சொல்லிப் பஜ்ஜிக் கடைப் பக்கம் போனால் டைபாய்டு.

இது தெரியாத புது மருமகள் வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள், வீட்டில் விருந்து. ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லி நான் மூன்றாவது முறையாகப் பாயசத்துக்கு டம்ளரை நீட்டினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "அவருக்கு டைபாய்டும்மா" என்று சத்தம் போட்டாள். அந்தப் பெண் பதறிப்போய் டம்ளரை வாங்கி வைத்தது. என் இலையையும் எடுத்துக்கொண்டு போனது. பத்து நிமிஷத்தில் ஒரு கிண்ணம் பார்லிக் கஞ்சியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, குடித்து முடிக்கிறவரை நகராமல் நின்றது.

அன்று நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குடித்தேன்.