டைப்ரைட்டரில் கோவளம் போன கதை

பரிசு தருவதாக யாராவது சொல்லிவிட்டால் போதும், என் மூளை செய்கிற வேலையை விட்டுவிட்டுப் பரிசைப் பார்க்கக் கிளம்பிவிடும். உடம்பு மட்டும் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் நானும் தங்கை வசந்தியும் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு டைப்ரைட்டிங் கற்கப் போனோம். எந்த நோக்கமும் இல்லாத அந்த மாதங்களில் நான் பிரமாதமாக அடித்தேன். (மாஸ்டரே ஒருமுறை "பரவாயில்லை" என்றிருக்கிறார்.) ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் போகும், விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும்.

அப்பாதான் கெடுத்தார்.

"டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணுடா. மொபெட் வாங்கித் தரேன்."

"எனக்குப்பா?" என்றாள் வசந்தி.

"நீ சும்மா எழுதிப் பாரு."

அன்றிலிருந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே சட்டை முதுகில் காற்று உப்பியது. சவுக்குத் தோப்புகள் பின்னால் நழுவின. தூரத்தில் கோவளம், கரையேறிய படகுகள், மீன் வாசனை.

"கை இங்க கீது. ஆளு எங்கப்பா?" என்றார் மாஸ்டர்.

"இங்கதான் சார்," என்றேன், கேளம்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டே.

வரி முடியப்போகும்போது டைப்ரைட்டரில் ஒரு மணி அடிக்கும். உடனே கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். பரீட்சையன்று மணி அடித்தது. கடற்கரையில் ஐஸ்காரர் வருகிறார் என்று நினைத்துப் புன்னகைத்தேன். தள்ளவில்லை. ஓரம் வந்ததும் எழுத்துகளை அடிக்கவிடாமல் பூட்டிக்கொள்ள வேண்டிய அந்தக் கிழட்டு மெஷினும் பூட்டிக்கொள்ளவில்லை. மிச்சக் கடிதம் முழுவதும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது.

மேற்பார்வையாளர் தாளை உருவித் தூக்கிப் பிடித்தார். மேலே அழகான சில வரிகள். ஓரத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே அவர் கண் தெரிந்தது.

"மீதி லெட்டர் எங்கப்பா?"

"அதுக்குள்ளதான் சார் இருக்கு."

சும்மா எழுதிய வசந்தி முதல் வகுப்பில் தேறினாள். அப்பா சொன்ன சொல் தவறாதவர். மொபெட் வாங்கினார், அவளுக்கு. முதல் ஞாயிற்றுக்கிழமையே கோவளம் போனோம். அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து. கடல் நான் மெஷின் முன்னால் கண்ட மாதிரியே இருந்தது. ஒவ்வொரு அலையும் கரை வரை வந்து, ஒழுங்காகத் திரும்பிப் போனது.

பல வருடம் கழித்து என் மகன் பிளஸ் டூ பரீட்சைக்குக் கிளம்பும்போது, "டேய், நல்லா எழுதினா பைக்..." என்று ஆரம்பித்தேன். வாசலில் நின்ற வசந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, மணி அடிச்சாச்சு. தள்ளு. அவன் சும்மா எழுதட்டும்."