குளத்தில் நின்று சொன்ன 'வாங்க'

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குச் சோற்றில் உப்புக் குறைந்தால் மன்னித்துவிடுவார்கள். 'வாங்க' என்று சொல்லத் தவறினால் மன்னிக்க மாட்டார்கள். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரையும் தனித்தனியே முகம் பார்த்து, கைகூப்பி, வாங்க என்று சொல்லியாக வேண்டும். அதையும் வீட்டுத் தலைவன் வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு 'வாங்க' விடுபட்டதால் இருபது ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்களை நான் அறிவேன். (இரண்டும் எனக்கு நெருங்கிய சொந்தம்.) இத்தனையும் அறிந்த நான்தான், மணமான மகளின் முதல் ஆடியாகிய தலையாடி விருந்தன்று என் சம்பந்தியைக் குளத்தில் நின்று, இடுப்பில் டிராக்டர் டியூபுடன் வரவேற்றேன்.

இதற்கு மூலம் நான் சொன்ன ஒரு பொய். நான்கு ஆண்டுகளுக்கு முன், கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அதே வைகாசியில் மகள் கயல்விழியின் திருமணம் நடந்தது. சம்பந்தி காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துபவர். என் வயதினர்தாம், ஆயினும் நாள்தோறும் விடியலில் கிணற்றில் குதித்து நீந்துகிறவர். முறுக்கேறிய கயிறு போன்ற உடம்பு. பந்தியில் என்னருகே அமர்ந்திருந்தபோது, இனிமேல் எனக்குப் பொழுது எப்படிப் போகும் என்று பரிவோடு வினவினார். அந்தப் பரிவை என் தன்மானம் தாங்கவில்லை. எதிரே என் மைத்துனர் சுப்பிரமணி உண்டுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் சோமனூரில் அவருடைய தறிக்கூடத்தில் கிடக்கும் ஒரு பொருள் நினைவுக்கு வந்தது. "பாய்மரப் பலகை ஓட்டலாம் என்றிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அது ஒரு பழைய நீர்விளையாட்டுக் கருவி. எப்போதோ ஓர் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த வெளிநாட்டுப் பொறியாளர் விட்டுச் சென்றதாம். ஆலை மூடியபோது பழைய சாமான்களோடு மைத்துனரிடம் வந்து சேர்ந்தது. தறியோட்டுபவர்கள் அதன்மேல் அமர்ந்துதான் தேநீர் அருந்துவார்கள். நின்று ஓட்டும் பலகை என்பதே அவர்களுள் பலருக்குத் தெரியாது. எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

சம்பந்தி சூதறியாதவர். நான் சொன்னதை அப்படியே நம்பி, காங்கேயம் முழுவதும் பெருமையாகச் சொல்லிவிட்டார். கிழமைதோறும் தொலைபேசியில், "பழகியாச்சுங்களா?" என்று கேட்பார். குளத்தில் நீரில்லை என்பதே என் காவல்தெய்வமாக இருந்தது. ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கையில், நொய்யலில் வந்த புதுவெள்ளம் எங்கள் ஊர்க் குளத்துக்கும் வந்து சேர்ந்தது. அன்று மாலையே சம்பந்தி அழைத்தார்.

"குளத்துல தண்ணி வந்துருச்சாமுங்க. ஆடி ஒண்ணுக்கு வாரப்ப நீங்க ஓட்டறதை ஒருதரம் பாத்துப்போடோணுங்க."

ஒருமுறையேனும் அதன்மேல் நின்றுவிட்டால் பொய் மெய்யாகிவிடும். அந்த ஓர் எண்ணத்துடன் மைத்துனரிடம் சரணடைந்தேன்.

பலகையை இறக்கிப் பார்த்தோம். இருவர் தூக்கும் கனம். நடுவில் உள்ள குழியில் செருகி எப்பக்கமும் சாயவல்ல ஒரு பாய்மரம். அதைத் தழுவி நிற்கும் தேக்குக் கைப்பிடி. விழுந்த பாயைத் தூக்க முடிச்சிட்ட ஒரு கயிறு. எல்லாம் இருந்தன, பாயை மட்டும் எலிகள் தின்றிருந்தன. இணையத்தில் கண்ட காணொளிகளில் இளைஞர்கள் ஒற்றைக் கையில் தூக்கிச் சென்ற பலகைகளுக்கும் இதற்கும் பட்டத்துக்கும் பரணுக்கும் உள்ள வேறுபாடு.

"துணிக்கா மாமா நமக்குப் பஞ்சம்? நல்லாக் கெட்டியா ஒண்ணு குடுங்க, தெச்சுக் கொண்டாந்தர்றேன்" என்றார் மைத்துனர்.

தறியூரில் பிறந்தவரின் மனத்தில் துணி என்றால் பருத்திதான். என் மனத்திலும் வேறொன்று தோன்றவில்லை. வீட்டு நிலைப்பேழையின் மேல்தட்டில், தாள் சுற்றிய சென்னிமலைப் போர்வை ஒன்று இருந்தது. இரட்டைக் கட்டிலுக்கானது, நல்ல தடிமன். பிரித்துக்கூடப் பாராமல் எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி தெய்வானை அப்போது பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்கத் தோன்றவில்லை. (தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

ஆடி முதல் நாள் காலை ஆறரை மணி. சம்பந்தி வீட்டார் ஒன்பதரைக்கு வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்குள் திரும்பி, குளித்து, வாசலில் நின்றுவிடுவேன் என்று மனைவியிடம் வாக்களித்துப் புறப்பட்டேன். அரைக்கால் சட்டை அணிய நாணி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாதாகையால் மைத்துனர் ஒரு டிராக்டர் டியூபைக் காற்றடைத்து என் இடுப்பில் கட்டினார். அவருக்கும் நீச்சல் தெரியாது. அதனால் கரையோரம் முழங்கால் நீரில் நின்று பயிற்சி தருவதென முடிவாயிற்று.

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வந்துகொண்டிருந்தது. மைத்துனர் பலகையைப் பிடித்துக்கொள்ள, நான் தவழ்ந்து ஏறி, மண்டியிட்டு, பின் எழுந்து நின்றேன். அவர் பாயை நிமிர்த்தி என் கையில் தந்தார். காய்ந்த போர்வை காற்றை வாங்கி விம்மியது. பலகை நகர்ந்தது. அறுபது வயதில் நான் நீரின்மேல் நின்றுகொண்டு போனேன். அந்த இன்பத்தை எழுதப் போதிய பயிற்சி எனக்கு இல்லை. அது நீடித்தது ஏறத்தாழப் பதினைந்து நொடிதான்.

பதினாறாம் நொடியில் கண்முன் விரிந்திருந்த பாயை நிமிர்ந்து பார்த்தேன். சிவப்புக் கரைக்கு மேல், கையகல எழுத்துகளில், 'கயல்விழி – நவீன்குமார்' என்று நெய்திருந்தது.

சொல்லி நெய்யவைத்த சீர்ப்போர்வை அது. அன்று நண்பகலில் தாம்பாளத்தில் வைத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியது. மரத்தில் கயிற்றால் கட்டுவதற்காக அதில் எட்டுப் பித்தளைக் கண்கள் அடிக்கப்பட்டிருந்தன. (பெயரைப் பார்த்த மைத்துனர், நான் தெரிந்தே கொடுத்தேன் என்று எண்ணிக்கொண்டாராம்.)

விழுந்தேன். விழுந்தது பெரிதன்று, டியூப் என்னை மிதக்கவிட்டது. போர்வையும் விழுந்ததுதான் கேடு. முடிச்சுக் கயிற்றைப் பற்றி இழுத்தேன், அசையவில்லை. நனைந்த இரட்டைப் போர்வை என்ன கனம் கனக்கும் என்பது அதை ஒருமுறையேனும் துவைத்துப் பிழிந்தவர்களுக்குத் தெரியும். இலக்கணம் நடத்திய முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தவனல்லன். இழுக்க இழுக்கக் குளமே பாயோடு சேர்ந்து வருவதுபோல் இருந்தது. இதற்குள் காற்று என்னையும் பலகையையும் நடுக்குளத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

மைத்துனர் கரையிலிருந்து, "மாமா, பலகையை உட்டுப்போடாதீங்க, நான் சுத்தி வாரேன்" என்று கூவிவிட்டு வண்டியை எடுக்க ஓடினார். (அந்த வண்டி குளக்கரைச் சேற்றில் புதைந்துவிட்டதைப் பின்னர்தான் அறிந்தேன்.) நான் பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். அவசரமில்லாத பயணம். ஓரிடத்தில் வேட்டி அவிழ்ந்து, கொக்கு ஒன்றைக் கடந்து, தன் போக்கில் போயிற்று. அதைத் துரத்தும் நிலையில் நானில்லை. மனம் முழுவதும் வீட்டு வாசலிலேயே இருந்தது. மணி என்னவென்று தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. வாசலில் வாங்க சொல்ல ஆளில்லாமல் மகளின் புகுந்த வீட்டார் இறங்கி நிற்கும் காட்சி மீண்டும் மீண்டும் வந்தது.

எதிர்க்கரை வழியாகத்தான் சோமனூர்ச் சாலை. மகிழுந்தில் வந்துகொண்டிருந்தவர்களில் முதலில் கண்டது மாப்பிள்ளையாம். பின்னர் கயல்விழி இதை எனக்குச் சொன்னாள். அவர் நெடுநேரம் சாளரத்தின் வழியே பார்த்துவிட்டு, மிக அமைதியாகச் சொன்னாராம்:

"அப்பா, அந்தக் குளத்துல எம்பேரு மெதக்குதுங்க."

வண்டி நின்றது. சம்பந்தி இறங்கினார், பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார், நீரில் இறங்கி நடந்தார். நடந்தார் என்றே சொல்கிறேன். நீந்துவார் என எதிர்பார்த்துக் காத்திருந்த எனக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. என் அருகே வந்தபோதும் நீர் அவர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை.

"ஏனுங்க சம்மந்தி, காலைக் கீழ ஊணுங்க" என்றார்.

ஊன்றினேன். சேறு இருந்தது, நிலம் இருந்தது. கடைசிக் கால்நாழிகையாக நான் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது இடுப்பளவு நீரில்.

மனித மனம் விந்தையானது. அந்நிலையில் எனக்கு வெட்கம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது கடமை. டியூபுக்கு மேலாகக் கைகூப்பி, அவர் முகம் பார்த்து, "வாங்க சம்பந்தி" என்றேன். கரையில் நின்ற அவர் துணைவியாரை நோக்கி, "வாங்க" என்றேன். மாப்பிள்ளைக்கு ஒன்று, மகளுக்கும் ஒன்று. ஒருவரையும் விடவில்லை.

சம்பந்தி, சேற்று நீரில் நின்றபடியே கைகூப்பினார். "வந்தனுங்க" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிறகு என் வேட்டியின் இன்மையை உணர்ந்து, பாயை மரத்திலிருந்து அவிழ்த்துப் பிழிந்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். கிணற்றுக் கைகள், ஒரே முறுக்கில் பாதிக் குளம் வெளியேறியது.

எங்கள் வீட்டு வாசலில் தெய்வானை ஆரத்தித் தட்டுடன் நின்றாள். மகிழுந்திலிருந்து சம்பந்தி இறங்கினார், அவர் துணைவியார் இறங்கினார், மணமக்கள் இறங்கினர். இறுதியாக, அவர்கள் பெயரை இடையில் உடுத்தி நான் இறங்கினேன். ஒவ்வொருவராக வாங்க சொல்லிவந்தவள், என் முறை வந்தபோது அதே குரலில், அதே மரியாதையுடன், "வாங்க" என்றாள். எங்கள் இல்வாழ்க்கையில் அவள் எனக்குச் சொன்ன முதல் 'வாங்க' அது. ஆரத்தியை எனக்கும் சேர்த்தே சுற்றினாள். உள்ளே போனபின் தாழ்ந்த குரலில், "தாம்பாளத்துல வெக்கோணும்னு எடுத்து வெச்சிருந்தனுங்க. கட்டீட்டே வந்துட்டீங்க" என்றாள்.

நான் பதினைந்து நொடி நின்றதற்கு மைத்துனர் ஒருவரே சாட்சி. விருந்தில் அவர் அதைச் சொன்னபோது எல்லோரும் பணிவோடு தலையசைத்து இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார்கள். போர்வையை வெளுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தோம். எட்டுப் பித்தளைக் கண்களுடன் அது இன்னும் காங்கேயத்தில் பயன்பாட்டில் இருக்கிறது. பலகை தறிக்கூடத்துக்கே திரும்பியது. தேநீர் இப்போதும் அதன்மேல்தான்.

அதன்பின் ஆண்டுதோறும் ஆடி முதல் நாள் காலை எட்டு மணிக்கே குளித்து, சலவை வேட்டி கட்டி, வாசலில் நின்றுவிடுகிறேன். சம்பந்தி வந்து இறங்குவார். நான் கைகூப்புவேன். அவர் கையை உயர்த்தித் தடுப்பார்.

"நனையாம சொன்னா நாங்க ஏத்துக்கறதில்லீங்க சம்மந்தி."

தெய்வானை அதற்கென்றே ஒரு சொம்பு நீருடன் தயாராக நிற்பாள். விருந்தாளிக்குத் தரும் அந்தத் தண்ணீரை வாங்கி, முதல் கையளவை என் தலையில் தெளித்துவிட்டு, மிச்சத்தை அவர் குடிப்பார். நெற்றியில் நீர் வழிய, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, நான் 'வாங்க' சொல்லத் தொடங்குவேன்.