வசவாசி டின்னுக்குள் போன வைஃபை

எழுத்துப் பிழை இருந்தால் முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அதுவும் வராது, அதனால்தான் எழுதுகிறேன். இது என் மருமகளின் வேலைக்கு நான் உலை வைக்கப் பார்த்த கதை. வேணுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

எங்கள் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க என் வீட்டுக்காரர் பின்பக்கமாக ஒவ்வொரு அறையாக இழுத்துக் கட்டினார். இப்போது அது ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கிடக்கிறது. முன்னால் ஹோல், அடுத்து மகன் ரவியின் அறை, நடுவில் என் அறை, பிறகு சமைக்கிற குசினி, கடைசியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் கருங்கல். (மனுசன் கோட்டை கட்டுகிற நினைப்பில் கட்டிவிட்டார்.) கடைசி அறையில்தான் சத்தம் இருக்காது. அங்கே உட்கார்ந்துதான் மருமகள் சுமதி வேலை செய்கிறாள்.

முன்பு அவள் கண்டிப் பக்கம் ஒரு தையல் ஃபெக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளை எழும்புமுன் போவாள், தூங்கினபிறகு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளை அம்மாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தது. அப்புறம்தான் இந்த வீட்டு வேலை கிடைத்தது. வெளிநாட்டில் உள்ள பல் டாக்டர்களுக்கு, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பதிவு பண்ணிக் கொடுக்கிற வேலை. மூன்று மாதம் பார்ப்போம், பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். வேலையில் அவள் கெட்டிக்காரி. ஆனால் கம்பியூட்டரில் கூட்டம் நடக்கும்போது வைஃபை அறுந்து அறுந்து போனது. இப்படியே போனால் வைத்துக்கொள்ள முடியாது என்று அங்கேயிருந்து சொல்லிவிட்டார்கள்.

ரவி மூன்று வெள்ளைப் பெட்டி வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வைஃபையை அறை அறையாகக் கடத்துகிற பெட்டிகளாம், மெஷ் என்று பேர். ஒன்றை ஹோலில் வைத்தான், மற்ற இரண்டையும் கடைசி அறையிலேயே வைத்தான். நோவு எங்கேயோ அங்கேதானே தைலம் பூச வேண்டும் என்று எனக்கும் சரியாகத்தான் பட்டது. சரிவரவில்லை. பிறகு எங்கேயோ கேட்டு வந்து விளக்கினான். கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோலவாம். நடுவில் ஒரு ஆள் இல்லாவிட்டால் கடைசி ஆள் வெறுங்கையோடுதான் நிற்பான். அதனால் ஒரு பெட்டியை எடுத்து என் அறை அலுமாரிமேல் வைத்தான். அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக ஓடியது.

“அம்மா, இதத் தொடாதீங்க. தொடைக்கக்கூட வேணாம்” என்றான்.

நான் தொடவில்லை. மழை வரும்வரைக்கும்.

எங்கள் வளவில் இரண்டு சாதிக்காய் மரம் நிற்கிறது. காயைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக வலைபோல ஒன்று இருக்குமே, அதுதான் வசவாசி, புரியாணிக்குப் போடுகிற வாசனைச் சரக்கு. அதைப் பதமாகக் காயவைக்க வேண்டும். அந்த முறை பத்து நாளாக மழை விடவில்லை. விறகும் நனைந்துவிட்டதால் அடுப்புமேலே காயப்போட வழியில்லை. வசவாசி பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. நான் இருபது வருசம் வாசனைச் சரக்குத் தோட்டத்தில் வேலை செய்தவள். வசவாசி கண்முன்னே கெடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

அலுமாரிமேலிருந்து சேலை எடுக்கப் போனபோது கை அந்தப் பெட்டியில் பட்டது. அடைகாக்கிற கோழியின் வயிறுபோல இளஞ்சூடு. நாலு வசவாசி எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். மறுநாள் அப்பளம்போல மொறுமொறுப்பு.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, பெட்டியை அதற்குள் நிறுத்தி, சுற்றிலும் வசவாசியை அடுக்கி, வயர் வருகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு மூடிவிட்டேன். கருங்கல் சுவரைத் தாண்டி வருகிறது, ஒரு தகர மூடியைத் தாண்டாதா என்று நினைத்தேன். (இப்படியெல்லாம் யோசிக்கிற மூளையை வைத்துக்கொண்டுதான் நாலு பிள்ளை வளர்த்தேன்.)

சுமதியின் கூட்டம் மறுபடியும் அறுந்தது. ரவி பார்க்க வந்தான். அவன் காலடி கேட்டதும் பெட்டியை டின்னிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டேன். தொடாதே என்று சொன்னதைத் தொட்ட வெட்கம், வேறொன்றுமில்லை. அவன் பார்த்தான், எல்லாம் நன்றாக இருந்தது, போனான். நான் திரும்பவும் டின்னுக்குள் வைத்தேன். திரும்பவும் அறுந்தது. ஒரு கிழமை முழுக்க இதே கதைதான்.

கடைசியில் வயர் வேலை தெரிந்த ஒரு சிங்கள மாத்தயாவை (ஐயா என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) ரவி கூட்டி வந்தான். அவர் வருகிறார் என்றதும் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, டின்னைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் ஃபோனைக் கையில் பிடித்தபடி அறை அறையாக நடந்தார். எங்கே நின்று பார்த்தாலும் குறையில்லை. மருமகளின் கம்பியூட்டரில்தான் கோளாறு இருக்கும் என்று சொல்லிவிட்டார். போகும்போது வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, தனக்குத் தெரிந்த தமிழில், “இன்னிக்கு வீட்ல புரியாணியா?” என்று கேட்டார். அவர் போனதும் பெட்டியைத் திரும்பவும் டின்னுக்குள் வைத்து மூடினேன்.

கம்பியூட்டரை மாத்தளைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு சொல்வோம் என்று சுமதிக்குச் செய்தி வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. ஃபெக்டரியில் திரும்பவும் எடுப்பார்களா என்று பழைய கூட்டாளி ஒருத்தியிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் தொடங்கியது. வசவாசி எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் டின்னைத் திறந்தேன்.

“ஆ, வந்திருச்சு” என்று கடைசி அறையிலிருந்து சுமதியின் குரல்.

மூடினேன்.

“ஐயோ, போயிருச்சு.”

என் கை அப்படியே நின்றது. மெதுவாகத் திறந்தேன். வந்திருச்சு என்றாள். மூடினேன். போயிருச்சு என்றாள், குரல் அழுகிற மாதிரி இருந்தது. இவ்வளவு தெரிந்தபிறகும் நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் திறந்து மூடிப் பார்த்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெட்டியை டின்னிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, மூடி கையிலேயே இருக்க ஓடினேன்.

“சுமதி, நான்தான் புள்ள. நான்தான் மூடி வச்சேன். உம்மேல குத்தம் இல்லன்னு அவங்ககிட்ட சொல்லு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “எத மூடி வச்சீங்க, அத்த?”

நான் மூடியைக் காட்டினேன். அப்போதுதான் அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். திரையில் ஒன்பது வெள்ளைக்கார முகங்கள், கட்டம் கட்டமாக. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது கட்டத்தில் சுமதி, அவள் பின்னால் நைட்டியோடு, ஒரு தகர மூடியோடு நான். என் வீட்டு வாசலில் கடிதம் கொடுக்க வருகிறவரோடுகூட முகம் பார்த்துப் பேசாதவள் நான். என்ன செய்வது என்று தெரியாமல் மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதில் ஒரு வசவாசி ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதை யாரோ படமும் எடுத்துவிட்டார்கள்.

சுமதி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நரைத்த முடியோடு இருந்த பெரிய அம்மா ஒன்று கேட்டார்.

“உள்ள என்ன காயப்போட்டீங்கன்னு கேக்குறாங்க” என்றாள் சுமதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மூடியிலிருந்து வசவாசியை எடுத்து, முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டினேன்.

அன்று பொழுது சாயும்வரைக்கும் சுமதி என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். முடிவை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். ரவி அந்த மாத்தயாவையே மறுபடி கூப்பிட்டான். அவர் ஹோலிலிருந்து சீலிங் வழியாகக் கடைசி அறைக்கு வயர் இழுத்து, அங்கே தனியாக ஒரு பெட்டியைப் பொருத்தினார். வேலைக்கு வயர்தான் நம்பிக்கை, ஃபோன் பார்க்க மெஷ் போதும் என்றார். என் அறைப் பெட்டியை எனக்கு எட்டாத உயரத்தில் சுவரில் அடித்தார். அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் அறுந்து போகவில்லை. மாதம் முடிய வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அது தன் வேலைக்குக் கிடைத்தது, வசவாசிக்கு இல்லை என்று சுமதி சொல்கிறாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். (வசவாசியும் நன்றாகத்தான் காய்ந்திருந்தது.)

இப்போது எங்கள் வீட்டில் பைப்பில் தண்ணி வராவிட்டாலும், ரயில் பிந்தினாலும், “அம்மா மூடிட்டாங்க போல” என்கிறார்கள். சுமதியின் ஆபீஸிலும் யாராவது கூட்டத்தில் அறுந்து போனால், என் முகம் மறைத்த அந்தப் படத்தைத்தான் அனுப்புகிறார்களாம்.

மெஷ் என்றும் வயர் என்றும் நான் எழுதினதில் தப்பு இருக்கலாம், ரவி பார்த்துத் திருத்தட்டும். மூடியை மூன்று தரம் திறந்து மூடினேன் என்று எழுதியிருக்கிறேன். சுமதி ஏழு தரம் என்கிறாள். அவள் எத்தனை தரம் அறுந்து போனாள் என்று அவர்கள் கம்பியூட்டரில் பதிவாகி இருக்கிறதாம். தெரிந்தவர்கள் யாராவது அதைப் பார்த்துச் சரியான எண்ணைப் போட்டுவிடுங்கள். ஏழு என்றே இருந்தால், எனக்குச் சொல்ல வேண்டாம்.