பயத்தம்மாவும் ஐம்பது பித்தளைக் கோதுகளும்

கெல்சென்கிர்ச்சன்,
புதன்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆனந்தராசா அண்ணை அவர்களுக்கும், அன்பின் சந்திரகாந்தி அக்காவுக்கும்,

பரராசசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி சுந்தரேஸ்வரியும் மகள் சாரங்காவும் சுகம். பிராங்பேர்ட்டில் தாங்களும் அக்காவும் மருமகன் கீர்த்தனனும் எங்களிலும் பார்க்கச் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டுகிறேன். சம்பந்தி என்று எழுதியதைத் தாங்கள் ஆட்சேபிக்க மாட்டீர்கள் என்ற முழு நம்பிக்கையோடுதான் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து தேத்தண்ணியையும் குடிக்காமல் தாங்கள் எழும்பிப் போன விதத்தையும், பிறகு என்னுடைய பதினொரு அழைப்புகளையும் தாங்கள் எடுக்காததையும், "துவக்கு மருந்து தின்னத் தாற வீட்டிலை நாங்கள் பெம்பிளை எடுக்கேலாது" என்று அக்கா சுந்தரேஸ்வரிக்கு அனுப்பிய ஒற்றை வரியையும் பார்த்து வேறு ஆராவது என்றால் மனம் உடைந்திருப்பார்கள். நான் முப்பத்தொரு வருடம் குழாய்த் தொழிற்சாலையில் கடைசல் மெசினில் நின்றவன். ஒழுங்காக விளங்கப்படுத்தினால் எந்த மனிசருக்கும் எதுவும் விளங்கும்.

பிள்ளைகளின் கலியாண எழுத்துக்குப் பதிவுக் கந்தோரில் எடுத்த ரெர்மின், அவங்கள் குறிச்சுத் தந்த நாள், வாற மாதம் பதினாலாம் திகதி. வெள்ளிக்கிழமைக்குள் ரெண்டு பகுதியும் ஓம் சொல்லாவிட்டால் அது வேறை ஆருக்கோ போய்விடும், அடுத்தது கார்த்திகையில்தானாம். சாரங்கா ஞாயிறு தொடக்கம் என்னோடை கதைக்கிறாளில்லை. எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை, அண்ணை. அவள் சாப்பாட்டு மேசையில் என்னைப் பாக்காமல் கோப்பையையே பாத்துக்கொண்டு இருக்கிறாள். அதாலை நடந்ததை ஒண்டும் ஒளிக்காமல் எழுதுறன்.

நான் இஞ்சத்தைய குறிபாத்துச் சுடுற சங்கத்திலை அங்கத்தவன், தோட்டாவை வீட்டிலை நானே நிரப்ப முறையாப் படிச்சு, சோதினை பாசாகி, அனுமதிப் பத்திரம் எடுத்தவன். என்ரை துவக்கு திருத்தின துவக்கு. அதாவது தோட்டா போய் இருக்கிற அறையைக் கொஞ்சம் அகட்டிக் கடைஞ்சிருக்கு, அதின்ரை தோள், வாய்ப்பக்கம் ஒடுங்கிற இடம், மற்றதுகள் மாதிரிச் சரிஞ்சு கிடக்காது, நிமிந்து நிக்கும். அந்த வடிவத்திலை பித்தளைக் கோது, தோட்டாவின்ரை வெளிக்கூடு, ஒரு கடையிலையும் வாங்கேலாது. சாதாரணக் கோதை வாங்கி, அந்தத் துவக்குக்குள்ளையே ஒருக்காச் சுட்டு எடுக்கவேணும். நெருப்பு உள்ளையிருந்து தள்ள, பித்தளை விரிஞ்சு அறையின்ரை வடிவத்தை அப்பிடியே எடுத்துக்கொண்டு வெளியிலை வரும். பேந்து அது அந்தத் துவக்குக்கு மட்டும்தான் அளவு, வேறை எதுக்கும் பொருந்தாது. கலியாணமும் உதுதானே அண்ணை எண்டு நான் சொல்ல, சுந்தரேஸ்வரி அந்த உவமையைச் சம்பந்தியாக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டவா. ஆனாலும் நல்ல உவமை.

இனித்தான் மா வருது. இந்த வேலைக்குக் குண்டு தேவையில்லை. கொஞ்ச வெடிமருந்துக்கு மேலை ஏதேன் தானியக் குறுநலை நிரப்பி வாயை மெழுகாலை அடைச்சால் காணும். எங்கட சங்கத்திலை சூட்டுத்திடலுக்குப் பொறுப்பான கிறிஸ்ரியன் கோதுமைக் குறுநல்தான் போடுறவன். எங்கட வீட்டிலை அண்டைக்குக் கோதுமைக் குறுநல் இல்லை. ஆனா நீங்கள் வாறியள் எண்டு சுந்தரேஸ்வரி பயத்தம் பணியாரத்துக்கு மூண்டு கிலோ பயறு வறுத்துத் திரிச்சு ரின்னிலை போட்டு வைச்சிருந்தவா. கோதுமையும் தானியம், பயறும் தானியம். ஒரு பேணி எடுத்துக்கொண்டு போனன். இருபத்தஞ்சு கோது, இருபத்தஞ்சும் தோள் நிமிந்து அச்சொட்டா வந்தது. கிறிஸ்ரியன் ஒண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு என்ன போட்டனீ எண்டு கேட்டான். பரம்பரை முறை எண்டு சொல்லிவைச்சன்.

அடுத்த கிழமை மிச்சம் இருபத்தஞ்சுக்குப் போகேக்கை பக்கத்து ரின்னிலை கை வைச்சுப்போட்டன். அதுக்குள்ளை சீனி, ஏலக்காய், மிளகு, வறுத்த தேங்காய்ப்பூ எல்லாம் போட்டுக் குழைக்க ஆயத்தமா இருந்த மா. முதல் வெடியோடை திடல் முழுக்கக் கலியாண வீட்டு மணம். நாலாம் பாதையிலை நிண்டவங்கள் துவக்கை வைச்சிட்டு ஆர் கேக் கொண்டந்தது எண்டு கேட்டுக்கொண்டு வந்திட்டாங்கள். மூண்டாம் வெடியோடை கோது அறைக்குள்ளை ஒட்டிப்போச்சு, சீனி காய்ஞ்சு பாகாகி நிக்குது, தடி போட்டு இடிச்சும் வரேல்லை. கிறிஸ்ரியன் சிவப்புக் கொடியை ஏத்திப்போட்டு இருமி இருமி, உங்கட பரம்பரை என்னத்தைத்தான் சாப்பிடுறது எண்டான். ரெண்டு மணித்தியாலம் சுடுதண்ணி விட்டுக் கழுவினன். துவக்கு பழுதில்லை, மிச்சக் கோதும் பேந்து வெறும் பயத்தம்மாவோடை வடிவா வந்திட்டுது. ஐம்பதும் கைவசம் இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பணியாரத்தைக் கடிச்சிட்டு, என்ன பதமாத் திரிச்சிருக்கு, எந்தக் கடை மா எண்டு கேட்டவா. நான் ஒரு சந்தோசத்திலை, கடை மா இல்லை அக்கா, நான் துவக்குக்குப் போடுற அதே மாதான் எண்டன். நீங்கள் கையிலை எடுத்த மூண்டாவதைத் திருப்பித் தட்டிலை வைச்சதை நான் கண்டனான், அண்ணை. சாரங்காவும் கண்டவள்.

இப்ப விசயத்தை வடிவாக் கேளுங்கோ. மா அடுப்படியிலையிருந்து துவக்குக்குப் போனது, ஓம். துவக்குப் பக்கமிருந்து அடுப்படிக்கு ஒரு தூசும் வந்ததில்லை. துவக்கும் மருந்தும் நிலக்கீழ் அறையிலை இரும்புப் பெட்டிகளுக்குள்ளை, இலக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியிலை இருக்கிறது என்ரை வேலை மேசையும் மருந்து நிறுக்கிற தராசும்தான். அது ஒரு கடுகை வைச்சாலும் நிறை சொல்லுற தராசு, அதைத் துடைக்கவும் நான் வேறை ஆளை விடுறதில்லை. அந்த மேசையிலை இருந்த எந்தச் சாமானும் எங்கட சமையலைத் தொட்டதில்லை எண்டு பிள்ளையார் சாட்சியாச் சொல்லுறன். சீதனம் ஒண்டும் வேண்டாமெண்டு பெருந்தன்மையாச் சொன்ன மனிசர் நீங்கள். மனசிலை இன்னும் குறை இருந்தால், என்னட்டை எதைக் கேட்டாலும் தாறன், மறுபேச்சில்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அது போதும்.

பிள்ளைகள் இருவரும் பதினாறு பேறும் பெற்று, நாங்கள் நால்வரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடும் நாளை எதிர்பார்த்து, அக்காவுக்கு என் விசேட வணக்கத்தையும் மருமகனுக்கு ஆசியையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தி,
க. பரராசசிங்கம்

பி.கு.: எழுத்துப்பிழை பாக்கச் சொல்லிக் கடிதத்தைச் சுந்தரேஸ்வரியிட்டைக் குடுத்தன். தராசு எண்ட இடத்திலை நிண்டிட்டா. அடுப்படித் தராசு தைப்பொங்கலோடை பழுதாம். அண்டையிலிருந்து ஏலக்காய், மிளகு, சீனி எல்லாம் நான் வெளியிலை போன நேரம் கீழை இறங்கி என்ரை தராசிலைதான் நிறுத்தவாவாம், ஞாயிற்றுக்கிழமைப் பணியாரமும் அதிலைதானாம். அதை நேற்றே போனிலை அக்காவுக்கு மறைக்காமல் சொல்லிப்போட்டாவாம். அக்கா அரை மணித்தியாலம் ஏசினவாவாம். பேந்து, ஞாயிற்றுக்கிழமை சாரங்கா கீர்த்தனனிட்டைக் குடுத்துவிட்ட பெட்டியிலை இருந்த இருபது பணியாரத்தையும் ரெண்டு நாளிலை ஒளிச்சு ஒளிச்சு முடிச்சது, அண்ணை, நீங்கள்தான் எண்டதையும், உங்களுக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டதையும் சொல்லிச் சிரிச்சவாவாம். எழுத்துப் பதினாலாம் திகதியே நடக்குமாம், ஆனா பணியாரம் அங்கையும் அதே பதத்திலை வர அந்தத் தராசு பெம்பிளையோடை வரவேணுமாம். அண்ணை, "எதைக் கேட்டாலும்" எண்டு மேலை எழுதினதைத் தயவுசெய்து வெட்டிப்போட்டு வாசியுங்கோ. சாரங்கா இப்ப என்னோடை கதைக்கத் தொடங்கியிட்டாள். முதல் கேட்டது, தராசுக்கு மேலதிக பற்றரி எங்கை வைச்சிருக்கிறியள் அப்பா எண்டு.