நவுரு அண்ணனும் காணாமல் போன பேரும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், சூரியனை மறைக்கிற புகையைக்கூட "நவுரு" என்று அதட்டி நகரச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அதனாலேயே அவர் நவுரு அண்ணன். சொந்தப் பேர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டப்போகும் தொழிற்சாலையை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் காட்டுவது எங்கள் ஆபீஸ் தொழில். மவுஸைத் திருப்பினால் தொட்டி, குழாய், பம்பு எல்லாம் சுற்றும். அவற்றுக்குப் பேர் எழுதி லேபிள் ஒட்டுவது அண்ணன் வேலை. லேபிள் எந்தப் பொருளையும் மறைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான், அதற்கென்று ஒரு அளவு வேண்டாமா?

ஆபீஸ் நண்பர் ஒருவர் கல்யாணத்திலும் இதே கூத்துதான். "இன்னாபா, பொண்ணு மூஞ்சியே தெர்ல, நவுரு!" என்று போட்டோக்காரரைத் தள்ளித் தள்ளிப் பந்திக்கே அனுப்பிவிட்டார். அந்த ஆல்பத்தில் பாதிக்கு மேல் சாம்பார் வாளி.

நான் ட்ரெய்னியாக இருந்த சமயம், பெரிய கஸ்டமர் ஒருவர் வந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எனக்கு வேலை நிரந்தரம், சொதப்பினால் வீட்டுக்கு என்று மேனேஜர் முதல்நாளே சொல்லிவிட்டார். மவுஸ் என் கையில்.

"பம்பு எதுங்க?" என்றார் கஸ்டமர். பம்பு பளிச்சென்று இருந்தது. பேரைத்தான் காணோம்.

"பேரு வெளிய கீது சார். மறைக்கும்னு கொஞ்சம் தள்ளி வெச்சேன்," என்றார் அண்ணன்.

படத்தைச் சுருக்கினேன். சுருக்கினேன், சுருக்கிக்கொண்டே இருந்தேன். தொழிற்சாலை கடுகளவு ஆன பிறகுதான் பேர்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் பொருளுக்கு ஒரு நீளக் கோடு. பதறிப்போய் நான் மவுஸைத் திருப்ப, அத்தனை கோடும் பின்னிக்கொண்டு இடியாப்பமாகிவிட்டது.

"சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்று கஸ்டமர் டீ குடிக்கப் போய்விட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அடுத்த நொடி அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"நகருய்யா! நான் அந்தப் பொண்ணுகிட்டப் பேசணும்," என்றார் மேனேஜர்.

"நவுர மாட்டேன் சார். லேபிள் வெச்சது நானு. தங்கச்சி மவுஸ் புட்ச்சுக்கினு இருந்துச்சு, அவ்ளோதான். அத்த இன்னாத்துக்குத் திட்றீங்கோ? சாயங்காலத்துக்குள்ள அல்லாத்தையும் கிட்ட கொண்ணாந்துட்றேன்."

சொன்னபடி செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பாதி பம்பை மறைத்தே பேர் ஒட்டினார். கஸ்டமர் தலையாட்டினார், என் வேலை தப்பியது.

மேனேஜர் அன்றைக்குக் கத்தியபோது அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கண்ணுக்கு முன்னால் அண்ணனின் கட்டம் போட்ட சட்டை முதுகு மட்டும்தான். அவர் அப்படியே நின்றுகொண்டிருக்கட்டும் என்றிருந்தது எனக்கு.