மாப்பிள்ளையின் மூத்த தாரம்

அன்று காலை தாராவியில் எங்கள் அறை வாசலில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை முத்தையா, அவன் அம்மா, அவன் தாய்மாமா சங்கரலிங்கம், மணப்பெண்ணான என் தங்கை செண்பகம், என் மனைவி வள்ளி, மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு வக்கீல், அவர் கூட்டி வந்த போலீஸ் ஹவல்தார், நான். (நாயனக்காரனையும், வேடிக்கை பார்க்க வந்த மற்ற குடித்தனக்காரர்களையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும்.) ஒன்பதாவதாக, மண்ணெண்ணெய் டின்னுக்குள் நின்றுகொண்டிருந்த முத்தையாவின் முதல் மனைவி.

முதல் மனைவி ஒரு வாழைக்கன்று.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். முத்தையாவின் ஜாதகத்தில் முதல் தாரம் நிலைக்காது என்று இருந்தது. அதற்குப் பரிகாரம், கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, கையோடு அதை வெட்டிச் சாய்த்துவிடுவது. தோஷம் வாழையோடு போய்விடும். மறுநாள் வருகிற பெண் இரண்டாவது கணக்கில் தீர்க்காயுசாக இருப்பாள். முந்தின நாளே முத்தையா மஞ்சள் கயிற்றை எடுத்து மூன்று முடிச்சும் போட்டுவிட்டான். வெட்டுவதற்கு அரிவாள் கொண்டுவர வேண்டியது பெண் வீட்டார் பொறுப்பு. அப்பா இல்லாத வீட்டில் பெண் வீட்டார் என்றால் நான்தான்.

என்னைப் பற்றி இங்கே இரண்டு வரி. நாலாம் வகுப்பில் ஒருநாள் “இன்ஸ்பெக்டர் வருகிறார்” என்று வாத்தியார் சொன்னார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்தான். நான் பின்வாசல் வழியாக வெளியேறியவன், இன்றுவரை திரும்பிப் போகவில்லை. பிறகு பம்பாய்க்கு வந்து தோல் கிடங்கில் உப்புத் தடவும் வேலை. காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் எனக்குப் பயம். தபால்காரருக்குக்கூட எழுந்து நிற்பேன்.

அப்போது வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஊரில் கலவரம். கத்தியோ அரிவாளோ கையில் இருந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அரிவாளை இரவல் வாங்க டீக்கடை அண்ணாச்சியிடம் போனேன். அவர் விறகு பிளப்பதை நிறுத்தாமல், அன்றைய பேப்பரில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கேட்டியாடே, பம்பாய் சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருக்கான். பொண்டாட்டி உசுரோட இருக்கையில இன்னொருத்தியக் கட்டுனா ஜெயிலு. கட்டுனவனுக்கு மட்டுமில்லல, முன்னால நின்னு முடிச்சு வச்சவனுக்கும் ஜெயிலு.”

“முடிச்சு வச்சவன்னா யாரு அண்ணாச்சி?”

“பொண்ணுக்கு அப்பன், இல்லைன்னா அண்ணன்.”

நான் அரிவாளைச் சாக்குக்குள் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருத் திருப்பத்தில் ஒரு ஹவல்தார் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் கை என்னைக் கேட்காமலே சாக்கைச் சாக்கடைக்குள் நழுவவிட்டது. ‘களக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அரிவாள்.

பத்து எட்டு நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரிவாள் இல்லை. ஆகவே வாழை விழாது. விழாவிட்டால் முத்தையாவின் மனைவி உயிரோடு இருக்கிறாள். நாளைக் காலை அவன் செண்பகத்தைக் கட்டினால் அவனுக்கு ஜெயில். முன்னால் நிற்கும் எனக்கும் ஜெயில். செண்பகம் வாழாவெட்டி. (ஒரு வாழையைக் காலால் எத்தினாலே விழுந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நாலாம் வகுப்போடு நின்றவனிடம் இதையெல்லாம் கேட்கக் கூடாது.)

மாப்பிள்ளையின் மாமாவிடம் “அருவா சாணை பிடிக்கப் போயிருக்கு, காலைல வந்திரும்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மாட்டுங்காவுக்கு ஓடினேன். எங்கள் கிடங்கு முதலாளியின் வக்கீல் அங்கே குடியிருந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கேஸ் என்று வந்தால் யார் பெயரையும் சொல்லாதே என்று டீக்கடையில் அடிக்கடி சொல்வார்கள். ஆகையால் நான் முத்தையா என்றும் சொல்லவில்லை, வாழை என்றும் சொல்லவில்லை.

“சார், மொத சம்சாரம் இருக்கு. நாளைக்கு எந்தங்கச்சியக் கட்டப் போறாவ. தப்பா?”

வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார். “மொதல்காரி உயிரோட இருக்காளா?”

“இருக்கு சார். காலைல நாந்தான் தண்ணி ஊத்தினேன்.”

“தண்ணியா? ஏன், சாப்பாடு?”

“சாப்பிடாதுல்லா.”

“அட பாவமே! எங்க இருக்கா இப்போ?”

“எங்க வாசல்லதான் சார் நிக்கி. வெயில்ல.”

“யாராவது உள்ள கூப்டப்படாதோ?”

“உள்ள எடமில்ல சார். இன்னைக்கே வெட்டிரலாம்னுதான் இருந்தோம். அருவா சாக்கடைல விழுந்திட்டு.”

வக்கீல் ஊஞ்சலை விட்டு எழுந்தார். ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. “நீ ஆத்துக்குப் போ. ஒண்ணும் பண்ணிடாதே. இப்போ கர்ஃப்யூ நேரமாறது, நான் கார்த்தால வரேன்” என்றார். எவ்வளவு அக்கறை! இவரல்லவா வக்கீல் என்று நிம்மதியாக வந்து படுத்தேன்.

மறுநாள் காலை சொன்னபடி வந்தார். கூடவே ஹவல்தார். அதே ஹவல்தார்.

“பஹலீ பீவி கிதர் ஹை?” என்று அவர் போட்ட சத்தத்தில் நாயனக்காரன் பீப்பியைக் கீழே வைத்துவிட்டான். தாராவியில் அந்த அளவு இந்தி எல்லோருக்கும் தெரியும். முதல் பெண்டாட்டி எங்கே? “ஒருத்தி இருக்கச்சே இன்னொருத்தியைக் கட்டினா ஜெயில். புதுச் சட்டம்” என்று வக்கீலும் சேர்ந்துகொண்டார்.

முத்தையாவின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். “ஏலே முத்தையா! மில்லுக்குப் போறேன் மில்லுக்குப் போறேன்னுட்டு எவகிட்டல போன?”

“யம்மா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா!” முத்தையா மாலையோடு அம்மா தலையில் கை வைத்தான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு மூத்தா ஒருத்தி இருக்கான்னு நீதான் பிராது குடுத்தியா?”

நான் கையை மட்டும் தூக்கி மண்ணெண்ணெய் டின்னைக் காட்டினேன். வாழையின் கழுத்தில் மஞ்சள் கயிறு தொங்கியது. வக்கீல் வாழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாழையைப் பார்த்தார். ஹவல்தார் டின்னைச் சுற்றி வந்து, லத்தியால் ஒரு இலையைத் தூக்கி அடியில் யாராவது இருக்கிறார்களா என்றுகூடப் பார்த்தார்.

“இதுதானா?” என்றார் வக்கீல், மெதுவாக. “இதுக்குத்தான் நான் ராத்திரியெல்லாம் கண்ணை மூடலையா?”

ஜனம் சிரிக்க ஆரம்பித்தது. ஆனால் செண்பகம் சிரிக்கவில்லை. கூறைச் சேலையோடு நிலைப்படியில் நின்றவளின் முகம் வெளுத்திருந்தது. அந்தச் சில நிமிஷங்கள் அவள் நிஜமாகவே இரண்டாம் தாரமாக நின்றிருந்தாள். எங்கள் சித்தி இரண்டாம் தாரமாகப் போய், அந்த வீட்டு அடுப்படியிலேயே காலத்தைக் கழித்தது அவளுக்குத் தெரியும். இதை நான் யோசிக்கவே இல்லை. என் ஜெயிலைப் பற்றித்தான் யோசித்தேன்.

அவள் நேரே வக்கீலிடம் வந்தாள்.

“அந்தச் சட்டம் நெசமாவே இருக்கா சார்?”

“இருக்கும்மா. வாழைக்கில்லே. மனுஷாளுக்கு.”

“நாளப்பின்ன இவுக இன்னொருத்தியக் கொண்டாந்தா, நான் வந்து சொன்னா பிடிப்பாவளா?”

“பிடிப்பா. இதோ இவரே வருவார்.” ஹவல்தாருக்கு விஷயம் இந்தியில் சொல்லப்பட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வருவேன் என்று தலையாட்டினார்.

செண்பகம் முத்தையாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கல்யாணச் சமையலுக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்த வள்ளியிடம் போய், “மதினி, எந்திரி” என்றாள். வள்ளி எழுந்ததும் அரிவாள்மனையை வாசலுக்குத் தூக்கி வந்து உட்கார்ந்தாள். வாழையை டின்னோடு சாய்த்து, தண்டை மனையில் கொடுத்து இரண்டு இழுப்பு. மூத்த தாரம் விழுந்தாள். தெறித்த சாறு மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கறையாகப் படிந்தது. “மாப்பிள்ளை வீட்டாருல்லா வெட்டணும்!” என்ற மாமாவின் குரல் யார் காதிலும் விழவில்லை.

(ஆமாம். அரிவாள்மனை. வீட்டுக்குள்ளேயே இருந்தது. முதல் நாள் முழுக்க என் கண்ணெதிரிலேயே வள்ளி அதில் காய் நறுக்கினாள்.)

கல்யாணம் நடந்தது. வக்கீலும் ஹவல்தாரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். பரிமாறியபோது வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எதுவானாலும் முழுசாச் சொல்லு” என்றார்.

செண்பகம் இன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். முத்தையா வீட்டுக்கு வரத் தாமதமானால் அரிவாள்மனையை வாசலில் எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள், நறுக்கக் காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்கள் வீட்டில் யார் வாழைப்பழத்தை உரித்தாலும், “மூத்தாவத் திங்காதிய, பாவம்” என்று முத்தையாவே சொல்லிச் சிரிப்பான்.

டீக்கடை அண்ணாச்சிதான் இன்னும் சிரிக்கவில்லை. சட்டம் சொன்னதற்கு அவர் காசு கேட்கவில்லை, அரிவாளுக்குத்தான் கேட்கிறார். அதைச் சாக்கடையில் போடவைத்தது சர்க்கார்தான், சர்க்காரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் வாதம். வக்கீலிடம் இந்தக் கேஸை முழுசாகவே சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பாக்கி இரண்டு ரூபாய்.